வயிற்றுளைவும் மருந்துணவும்: குடல் அழற்சி நோயில் தாவரங்களின் இடம் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள கடலோரக் கிராமம் குச்சவெளி. ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீர்க் களப்பும் வயலும் பற்றைக்காடும் சூழ்ந்த இப்பகுதியில், தமிழரும் முஸ்லிம்களும் மீன்பிடியையும் வேளாண்மையையும் தொழிலாகக் கொண்டு வாழ்ந்து வருகின்றனர். ஈழத்துக் கிராமங்கள் பலவற்றிற் போலவே இங்கும் ஒருவருக்கு வயிற்றுளைவு கண்டால் முதலில் நாடப்படுவது அடுக்களையே. ஓமம் வறுத்து அவித்த நீர், சீரகத் தண்ணீர், இஞ்சிச் சாறு, கொத்தமல்லிக் கசாயம், பிஞ்சு வில்வங்காய் என்பன தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த மருந்துகளாகும். பெரும்பாலான வயிற்றுளைவுகள் இரண்டு மூன்று நாட்களில் தாமாகவே தணிந்துவிடுவனவாதலின், அம்மருந்துகளுக்கு நற்பெயரும் எளிதில் வாய்த்துவிடுகின்றது.

ஆயின், தணியாத வயிற்றுளைவும் உண்டு. கடற்றொழிலுக்குச் செல்லும் ஓர் இளைஞனை எண்ணிக்கொள்வோம். நாளொன்றுக்கு ஆறு ஏழு தடவை மலங்கழிகின்றது. சீதமும் குருதியும் கலந்து போகின்றன. வயிற்றை முறுக்கும் நோவு இரவில் உறக்கத்தைக் கலைக்கின்றது. கைமருந்து உண்டால் சிலநாள் ஆறுதல். பின்னர் மீண்டும் அதே துன்பம். மாதங்கள் செல்ல உடல் மெலிகின்றது. படகேறும் வலு குறைகின்றது. இத்தகையோனுக்கு வந்திருப்பது வெறும் வயிற்றுளைவா, அன்றிக் குடல் அழற்சி நோயா? பின்னதாயின், அவன் வீட்டு முற்றத்திலும் அடுக்களையிலும் உள்ள தாவரங்கள் அவனுக்கு எவ்வளவு உதவும்? எவ்விடத்தில் அவை உதவாது போகும்? இவ்வினாக்களுக்கு இன்றைய அறிவு தரும் விடைகளைத் தொகுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

குடல் அழற்சி நோய் என்னும் பெயர் முதன்மையாக இரு நோய்களைக் குறிக்கும். ஒன்று, புண்ணுடைப் பெருங்குடலழற்சி. இது பெருங்குடலை மட்டுமே பற்றுவது. நேர்குடலிற் றொடங்கி மேல்நோக்கிப் படர்வது. உட்புறச் சீதமென்சவ்விற் புண்களைத் தோற்றுவிப்பது. 1859 இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இப்பெயரை வழங்கினார். மற்றையது குறோன் நோய். 1932 இல் நியூயோர்க் நகரின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த பரில் குறோன், லியோன் கின்ஸ்பேர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் ஆகிய மூவர் இதனை விவரித்தனர். வாய் முதல் குதம் வரை உணவுப்பாதையின் எப்பகுதியிலும் இது தோன்றலாம். சிறுகுடலின் கடைப்பகுதியையே பெரிதும் நாடும். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவும். இதனாற் குடல் ஒடுங்கி அடைபடுதலும் உண்டு.

கிருமி ஒன்றினால் வந்து, அக்கிருமி அழிய நீங்கும் நோயன்று இது. மரபுவழிச் சார்பு, குடலில் வாழும் பற்றீரியாக்கள், உணவு, சூழல் ஆகியன ஒன்றுசேர்ந்து உடலின் நிர்ப்பீடனத் தொகுதியைத் தன் குடலுக்கே பகையாக்குகின்றன. நோய் சிலகாலம் தணிந்தும் சிலகாலம் கிளர்ந்தும் வாழ்நாள் முழுதும் தொடரும்.

இது மேலைநாட்டார் நோய் என்னும் எண்ணம் நீண்டகாலம் நிலவியது. அவ்வெண்ணம் இன்று மாறிவிட்டது. 2010 இல் வெளியான ஆய்வொன்று கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் ஓர் இலட்சம் பேருக்கு 5.3 பேர் புண்ணுடைப் பெருங்குடலழற்சியுடனும் 1.2 பேர் குறோன் நோயுடனும் வாழ்ந்ததைக் காட்டியது. இலங்கையையும் உள்ளடக்கி 2013 இல் வெளியான ஆசிய பசிபிக் ஆய்வில், ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேரிற் புதிதாக நோயுற்றோர் ஆசியாவில் 1.37 எனவும் அவுஸ்திரேலியாவில் 23.67 எனவும் கணிக்கப்பட்டது. நோய் இங்கு அரிது என்பது உண்மை. அரிது என்பதாலேயே அது நினைவுக்கு வராமற்போகும் ஆபத்து மிகுதி என்பதும் உண்மை.

நோவு தோன்றும் வகை

அழற்சியுற்ற குடலில் நோவு மூன்று வழிகளிற் பிறக்கின்றது. முதலாவது, புண்ணிலும் வீக்கத்திலும் சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுதல். இரண்டாவது, ஒடுங்கிய குடலின் பின்னாற் காற்றும் மலமும் தேங்கிக் குடற்சுவரை விரித்தல். மூன்றாவது, நரம்புகளே கூருணர்வு பெற்றுவிடுதல். மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியொன்று நரம்பு முனைகளில் உண்டு. 1997 இல் அதனை இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021 இல் நோபல் பரிசு பெற்றார். குடல் அழற்சி தணிந்த பின்னரும் வயிற்று நோவுடன் வாழ்வோரின் குடலில் அவ்வேற்பியைக் கொண்ட நரம்பிழைகள் மிகுந்திருத்தலை 2010 இல் வெளியான இலண்டன் ஆய்வு காட்டியது. புண் ஆறியும் நோவு ஆறாமைக்கு இது ஒரு காரணமாகும். நோய் தணிந்திருந்தோரில் 35 சதவீதத்தினரிடம் உறுத்துணர்குடல் போன்ற குறிகள் எஞ்சியிருந்ததை 2012 ஆம் ஆண்டின் தொகுப்பாய்வொன்று எடுத்துரைத்தது.

இப்பகுப்பு நமது பொருளுக்கு இன்றியமையாதது. நோவைத் தணித்தல் வேறு; அழற்சியைத் தணித்தல் வேறு. ஓமமும் இஞ்சியும் குடற்றசையின் பிடிப்பைத் தளர்த்தி, வாயுவை அகற்றி ஆறுதல் தரக்கூடும். ஆயினும் புண் அவ்வாறே இருத்தல் கூடும். தீப்பற்றிய வீட்டில் எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டால் ஓசை அடங்கும், தீ அடங்காது.

மரபு மருத்துவத்தின் நோக்கு

சித்த மருத்துவம் நோய்களை வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களின் நிலைதிரிபாகக் கொள்ளும். வயிற்று நோவை முதன்மையாகக் கொண்ட குன்மத்தை எண்வகையாகவும், கழிச்சல், கிராணி, சீதபேதி, குருதிக்கழிச்சல் என்பவற்றைத் தனித்தனியாகவும் அது வகுத்துரைத்துள்ளது. யாழ்ப்பாண மன்னர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் ஈழத்துத் தமிழ் மருத்துவ மரபின் தொன்மையை உணர்த்துவன. குன்மம் அல்லது கிராணி இன்றைய குடல் அழற்சி நோயேயென்று நேருக்கு நேர் பொருத்திக் கூறுதல் பொருந்தாது. குறிகளை வைத்து வகுத்த பெயர்கள் அவை; குடலின் உட்புறத்தை அகநோக்கியாற் பார்த்தும் இழையத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தும் வகுத்த பெயர்கள் இவை. எனினும், நாட்பட்ட கழிச்சலுக்கு மருந்தும் உணவும் பத்தியமும் ஒருங்கே வேண்டும் என்னும் பண்டைய கருத்து இன்றும் ஏற்புடைத்து.

உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட பொருள்களைக் குறிக்க, 1989 இல் அமெரிக்க மருத்துவரான ஸ்டீபன் டிபெலிஸ் ஒரு புதுச்சொல்லை ஆக்கினார். அதனை 'மருந்துணவு' எனத் தமிழில் வழங்கலாம். உணவே மருந்து என வழங்கிவரும் மொழியினர்க்கு இக்கருத்துப் புதியதன்று. புதியது யாதெனின், அத்தகைய பொருளை எடைபோட்டு, ஒரு சாராருக்கு அதனையும் மறு சாராருக்கு மருந்தற்ற வெறுங்குளிசையையும் கொடுத்து, இரண்டின் பயனையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையேயாகும்.

ஆய்விற்குட்பட்ட தாவரங்கள்

மஞ்சள்: இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டது மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் ஆகும். அழற்சிப் புரதங்களை ஆக்குமாறு கலத்தின் கருவைத் தூண்டும் செயன்முறையை அது தடுக்கின்றது. 2006 இல் யப்பானிய ஆய்வாளர், நோய் தணிந்திருந்த புண்ணுடைப் பெருங்குடலழற்சியாளர் 89 பேரைத் தம் ஆய்வில் சேர்த்தனர். வழமையான மருந்துடன் நாளொன்றுக்கு 2 கிராம் குர்க்குமின் பெற்ற 43 பேரில் 2 பேருக்கே ஆறுமாத காலத்தில் நோய் மீண்டது. வெறுங்குளிசை பெற்ற 39 பேரில் 8 பேருக்கு மீண்டது. 2015 இல் வெளியான மற்றோர் ஆய்வில், மெசலசின் மருந்துக்குக் கட்டுப்படாத மிதமான நோயினர் 50 பேர் பங்குபற்றினர். அம்மருந்துடன் நாளுக்கு 3 கிராம் குர்க்குமினும் பெற்ற 26 பேரில் 14 பேரின் நோய் நான்கு வாரத்தில் தணிந்தது. மற்றைய 24 பேரில் ஒருவருக்கும் தணியவில்லை. ஆனால், 2017 இல் வெளியான புதுதில்லி ஆய்வில் நாளுக்கு 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்தபோது பயன் காணப்படவில்லை. அளவின் முதன்மை இதனாற் புலனாகும்.

ஈண்டு ஒரு கணக்கு நோக்கத்தக்கது. மஞ்சட்டூளில் குர்க்குமின் ஏறத்தாழ 3 சதவீதமே. எனவே 2 கிராம் குர்க்குமினைப் பெற 65 கிராமுக்கு மேற்பட்ட மஞ்சட்டூள் வேண்டும். கறிக்கு இடும் மஞ்சள் நல்லதே. அது ஆய்விற் கொடுத்த மருந்தளவுக்கு ஈடன்று. மேலும், மிளகிலுள்ள பைப்பரீனைச் சேர்த்தால் குர்க்குமின் குருதியிற் சேர்தல் 20 மடங்கு மிகும் என 1998 இல் பெங்களூர் ஆய்வு காட்டியது. இதனைக் கேட்டவுடன் மிளகு சேர்த்தலே மேல் எனத் தோன்றும். ஆனால் பெருங்குடற் புண்ணுக்கு மருந்து குருதியைவிடக் குடலின் உட்புறத்தையே அடைதல் வேண்டும். எளிதில் உறிஞ்சப்படாமை இங்கு குறையாகாது, பயனாகவும் அமையும்.

இசப்புக்கோல்: நீரில் ஊறி வழுவழுப்பாகும் இவ்விதையின் உமி நாட்டுமருந்துக் கடைகளில் எளிதிற் கிடைப்பது. 1991 இல் சுவீடனில் நடந்த ஆய்வில், நோய் தணிந்தும் வயிற்றுக் குறிகள் எஞ்சியிருந்த புண்ணுடைப் பெருங்குடலழற்சியாளருள் இசப்புக்கோல் 69 சதவீத அளவிலும் வெறும் பொருள் 24 சதவீத அளவிலும் குறிகளைத் தணித்தன. 1999 இல் வெளியான ஸ்பானிய ஆய்வு 105 பேரை ஓராண்டு கண்காணித்தது. விதையை மட்டும் உண்டோரில் 40 சதவீதத்தினருக்கும், மெசலசின் மட்டும் உண்டோரில் 35 சதவீதத்தினருக்கும், இரண்டையும் உண்டோரில் 30 சதவீதத்தினருக்கும் நோய் மீண்டது. குடற் பற்றீரியாக்கள் இந்நாரைப் புளிக்கவைத்துப் பியூற்றிரேற்று என்னும் கொழுப்பமிலத்தை ஆக்குகின்றன. பெருங்குடலின் உட்படைக் கலங்களுக்கு அதுவே முதன்மையான சத்து. ஆயினும் குறோன் நோயினாற் குடல் ஒடுங்கியோர் இதனை உண்ணலாகாது. பருத்துப் பெருகும் பொருள் ஒடுங்கிய வழியை அடைத்துவிடும்.

கற்றாழை: கடலோர மணற்பாங்கில் வளரும் கற்றாழையின் உட்சோற்றை 2004 இல் இலண்டன் ஆய்வாளர் 44 நோயாளரிற் பரிசோதித்தனர். நாளுக்கு இருமுறை 100 மில்லிலீற்றர் வீதம் நான்கு வாரம் பருகிய 30 பேரில் 9 பேருக்கும், வெறுநீர்மம் பருகிய 14 பேரில் ஒருவருக்கும் நோய்க்குறிகள் தணிந்தன. தோலின் கீழே கசியும் மஞ்சட் பாலோ கடும் பேதிமருந்து. கழுவாத கற்றாழையை வயிற்றோட்டக்காரர் உண்பது எரிகின்ற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதை ஒக்கும்.

நிலவேம்பு: 2013 இல் வெளியான ஆய்வில் இதன் சாறு 224 பேரிற் பரிசோதிக்கப்பட்டது. நாளுக்கு 1800 மில்லிகிராம் பெற்றோரில் 60 சதவீதத்தினர் தேறினர். வெறுங்குளிசை பெற்றோரில் 40 சதவீதத்தினர் தேறினர். இங்கு பின்னைய எண்ணும் கருதற்குரியது. மருந்தின்றியே பத்துப்பேரில் நால்வர் தேறும் நோயில், 'நான் உண்டேன், எனக்குச் சுகமானது' என்னும் ஒருவர் கூற்று எவ்வளவு சான்றாகும்?

குந்துருக்கம்: இம்மரத்தின் பிசின், 1997 இல் வெளியான சிறியதோர் இந்திய ஆய்வில் சல்பாசலசின் மருந்துக்கு நிகராகத் தோன்றியது. ஆயின் 2011 இல் வெளியான ஜேர்மனிய ஆய்வில், குறோன் நோயினர் 82 பேருக்கு ஓராண்டு கொடுத்தபோது வெறுங்குளிசையிலும் மேம்பட்ட பயன் தரவில்லை.

வில்வம்: கோணேசர் கோயில் கொண்ட மாவட்டத்தாருக்கு வில்வத்தை அறிமுகஞ் செய்தல் வேண்டா. சிங்கள மக்கள் 'பெலிமல்' என அதன் பூவை அவித்துப் பருகுவர். 1868 இல் எட்வேட் வேரிங் பதிப்பித்த இந்திய மருந்து நூலிலும் இக்கனி இடம்பெற்றது. பிஞ்சுக்காய் துவர்ப்பினாற் கழிச்சலைக் கட்டும். பழுத்த கனியோ மலத்தை இளக்கும். எனவே 'வில்வம் நல்லது' என்று பொதுப்படக் கூறுதல் போதாது. எப்பருவத்து வில்வம் என்பதையும் கூறல் வேண்டும். வில்வம், கொத்தமல்லி, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டுமருந்து விலங்குகளின் குடலழற்சியைத் தணித்ததாக 2004 இல் இந்திய ஆய்வாளர் வெளியிட்டனர். விலங்கில் கண்ட பயன் மனிதரில் ஆராய்வதற்குத் தூண்டுகோலேயன்றி முடிவன்று.

இயற்கை மருந்தும் தீங்கும்

'மூலிகைதானே, தீங்கு செய்யாது' என்னும் கூற்று நம்மிடையே வேரூன்றியது. அதனை மறுக்கும் சான்று யப்பானிலிருந்து கிடைக்கின்றது. நீலச்சாயந் தரும் செடிகளின் இலையிலிருந்து ஆக்கும் ஒரு மரபுமருந்து அங்கு 86 நோயாளரில் ஆராயப்பட்டது. நாளுக்கு 2 கிராம் பெற்றோரில் 81 சதவீதத்தினரும் வெறுங்குளிசை பெற்றோரில் 13.6 சதவீதத்தினரும் தேறினர். மேற்கூறிய தாவரங்கள் எதனினும் வியத்தகு பயன் இது. ஆயினும் அம்மருந்தைத் தாமாகவே வாங்கி உண்டவரிடம் நுரையீரல் நாடியின் குருதியழுத்தம் உயரும் கொடுநோய் காணப்பட்டமையால், 2016 இல் யப்பானிய அரசு எச்சரிக்கை விடுத்தது. ஆய்வும் இடையில் நிறுத்தப்பட்டது. நோயைத் தணிக்கும் வலிமையுள்ள பொருளுக்குத் தீங்கு செய்யும் வலிமையும் உண்டு.

அடைத்து விற்கப்படும் மருந்துகளின் தூய்மையும் ஐயத்துக்குரியது. 2004 இல் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் விற்கப்பட்ட தெற்காசிய மூலிகை மருந்துகள் 70 ஐப் பரிசோதித்தபோது, 14 இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ காணப்பட்டது. செறிவூட்டிய மஞ்சட் குளிசைகளை உண்டோர் சிலருக்கு ஈரல் அழற்சி நேர்ந்தமையும் அண்மைக்காலத்திற் பதிவாகியுள்ளது.

இவற்றினும் பெரிய தீங்கு காலந்தாழ்த்தலாகும். அமீபாச் சீதபேதியும் குடற் காசநோயும் குடல் அழற்சி நோயைப் போன்றே தோற்றங்காட்டும். அவற்றுக்குரிய சிகிச்சையோ முற்றிலும் வேறு. குடல் அழற்சிக்குரிய ஸ்ரெரொயிட் மருந்தை அமீபா நோயினர்க்குக் கொடுத்தால் உயிராபத்து நேரலாம். எனவே மலப்பரிசோதனை, குருதிப்பரிசோதனை, அகநோக்கிப் பரிசோதனை ஆகியன இன்றி எந்த முறை மருத்துவரும் நோயைத் துணிதல் அரிது. நோவுக்கெனக் கடைகளில் வாங்கும் டைக்குளோபெனக், இபுபுறோபன் போன்ற குளிசைகளும் குடற் புண்ணைக் கிளறக்கூடும் என்பதை நோயாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

மேலைமருத்துவத்தின் மருந்தும் தாவர உலகிற்கு முற்றும் அயலானதன்று. சுவீடனைச் சேர்ந்த பெண் மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ் 1942 இல் அறிமுகஞ்செய்த சல்பாசலசினில் இரு கூறுகள் உண்டு. அவற்றுட் பயன்தரும் கூறு எதுவென 1977 இல் ஒக்ஸ்போட் ஆய்வாளர் தனித்தனியே பரிசோதித்து அறிந்தனர். மெசலசின் எனப்படும் அக்கூறு சலிசிலிக்கமிலக் குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பமோ அலரிப்பட்டை போன்றதன்று, குளிர்நாட்டு வில்லோ மரப்பட்டையின் மருத்துவப் பயனிலிருந்து அறியப்பட்டது. பயன்தரும் கூறு எது, அளவு எவ்வளவு, தீங்கு யாது என்று கேட்டுக் கேட்டுச் செப்பனிட்டமையே அதன் வெற்றிக்குக் காரணம். அவ்வினாக்களை நமது மூலிகைகளிடத்தும் கேட்பது மரபை இழிவுசெய்வதாகாது. அதற்குச் செய்யும் மதிப்பேயாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பெறப்படுவன இவை. ஒன்று, குர்க்குமினும் இசப்புக்கோலும் புண்ணுடைப் பெருங்குடலழற்சியில் வழமையான மருந்துடன் துணையாக நிற்கும் தகுதியைக் காட்டியுள்ளன. தனித்து நின்று அம்மருந்தை விலக்கும் தகுதியை அன்று. இரண்டு, குறோன் நோயில் தாவரங்கள் பற்றிய சான்று மிக மெலிந்தது. மூன்று, ஓமம், சீரகம், இஞ்சி முதலியன பிடிப்பையும் வாயுவையும் தணித்து ஆறுதல் தரலாம்; அவ்வாறுதலை நோய் நீக்கமென மயங்கலாகாது.

இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் வயிற்றோட்டம், மலத்திற் குருதி, இரவில் எழுப்பும் நோவு, காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், குருதிச்சோகை என்பவற்றுள் ஒன்று காணினும் அடுக்களையை விட்டு வைத்தியசாலையை நாடல் வேண்டும். குச்சவெளியிலிருந்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லும் ஒருநாட் பயணமும் அதனால் இழக்கும் ஒருநாட் கூலியும் ஏழைக் குடும்பத்துக்குச் சிறு சுமையல்ல. ஆயினும் நாட்பட்ட அழற்சியினாற் குடலின் ஒரு பகுதியைச் சத்திரசிகிச்சையால் அகற்ற நேர்தல் அதனினும் பெருஞ்சுமை. நோய் உறுதியானபின் சித்த மருத்துவரையோ யூனானி மருத்துவரையோ நாடுதல் தவறன்று. உண்ணும் மூலிகையை வைத்தியசாலையிலும், உண்ணும் குளிசையை மூலிகை மருத்துவரிடத்தும் மறையாது கூறுதலே வேண்டுவது.

இலங்கையில் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி மருத்துவங்களுக்கும் இடமளித்துள்ளது. குச்சவெளி செல்லும் அதே வீதியில், கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் பட்டக்கல்வியாகக் கற்பிக்கப்படுகின்றது. அங்கு பயில்வோர் அயற்கிராமத்து முதியோரிடம் சென்று, எந்நோய்க்கு எச்செடியின் எப்பகுதியை எப்பருவத்தில் எவ்வளவு கொடுப்பர் என்பதைப் பெயரும் அளவும் பிழையாது பதிவுசெய்வாராயின், பின்வரும் ஆய்வுகளுக்கு அது வித்தாகும். நாம் முதலில் எண்ணிக்கொண்ட இளைஞனுக்குத் தேவைப்படுவது ஒரு மரபின் வெற்றியன்று. குருதி நின்று, நோவு தணிந்து, மீண்டும் படகேறும் வலுவே அவனுக்கு வேண்டும். அதனைத் தருவது இருவகை மருத்துவரும் ஒருவர் சொல்லை மற்றவர் கேட்கும் நிலையேயாகும்.